நாங்கள் தரையிறங்கப் போகிறோம்

கதைக்காரிக்கு பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த அபூர்வமான காலை அது. ஜன்னலோரம் வேறு. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, அன்றைக்கு வெளியான தன் ஒலித்தொடரின் புதுப் பகுதியைக் கேட்டுக்கொண்டு வந்தாள். தான் எழுதியதைத் தானே கேட்பதில் ஓர் அற்ப சந்தோஷம் இருக்கிறது. யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை, ஆனால் எழுதுகிற எல்லாருக்கும் உண்டு. கதை விண்வெளியில் நடக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பறந்துகொண்டிருக்கும் ஒரு பெரிய விண்கலம், கடைசியில் ஒரு புது பூமியைக் கண்டுபிடித்துவிட்டது. கேப்டன் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்.

"பயணிகளே, இத்தனை காலமாக நாம் தேடி வந்த மண் கண்ணுக்குத் தெரிகிறது. இன்னும் சிறிது நேரத்தில் நாங்கள் தரையிறங்கப் போகிறோம்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். நாங்கள். இன்னொரு தடவை கேட்டாள். சந்தேகமே இல்லை, நாங்களேதான். 'நாம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'நாங்கள்' என்று உட்கார்ந்திருந்தது. பயணிகளைப் பார்த்து கேப்டன் சொல்கிறார், நாங்கள் இறங்கப் போகிறோம் என்று. அப்படியென்றால் பயணிகள் கதி? பிள்ளைகளைக் காரில் வைத்துப் பூட்டிவிட்டு அப்பா அம்மா மட்டும் விருந்து சாப்பிடப் போன மாதிரி ஆகிவிட்டது. ஒலிப்பதிவின்போது நாலு பேர் இருந்தோமே, ஒருத்தர் காதிலும் விழவில்லையா என்று தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். அன்றைக்கு அப்படி முடியாது. இந்தப் பகுதியும் எடுபடவில்லை என்றால் கடையைக் கட்டிவிடலாம் என்று முதலாளி முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். கடை என்றால் தையல் கூடத்துக்கு மேல்மாடியில் இருக்கும் ரெண்டு அறை. ஒன்றில் சுவர் முழுக்கப் பழைய பஞ்சுப் போர்வைகளைத் தொங்கவிட்டு ஒலிப்பதிவு. ஃபேன் போட்டால் சத்தம் கேட்கும், போடாவிட்டால் வேர்த்துக் கொட்டும். இன்னொன்றில் நாலு நாற்காலியும் ஒரு பழைய ஃப்ரிட்ஜும். விண்கலத்தின் இன்ஜின் சத்தம் அந்த ஃப்ரிட்ஜுக்குள் மைக்கை வைத்து எடுத்ததுதான். கதவு திறக்கும் சத்தம் முதலாளியுடைய பையின் ஜிப்.

முதலாளி தங்கமான மனுஷர். ஒரே ஒரு வியாதி, பெரிய வார்த்தை வியாதி. எங்கேயோ ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து ஆரம்பித்தது. அறிவியல் கதைக்கு முதலில் விசாலமான கரு வேண்டுமாம். கருவிலிருந்து உலகம் முளைக்குமாம், உலகத்திலிருந்து மனிதர்கள் தானாக நடந்து வருவார்களாம். ரெண்டு அறைக்கும் நடுவே இருந்த கண்ணாடித் தடுப்பில் விடுதலை, காலம், தனிமை, மனித குலம் என்று நாலு வார்த்தைகளை முழம் முழமாக எழுதிவைத்தார். ஒலிப்பதிவு அறைக்குள்ளிருந்து பார்த்தால் எழுத்தெல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். இது எந்த கிரகத்து பாஷை என்று கேப்டனுக்குக் குரல் கொடுப்பவர் முதல் நாளே கேட்டார்.

கதைக்காரியும் பாவம், அந்த நாலுக்கும் வஞ்சனை இல்லாமல் உழைத்தாள். விடுதலைக்காக எடையே இல்லாமல் மனிதர்கள் மிதக்கும் கூடம் கட்டினாள். காலத்துக்காகப் பின்பக்கமாக ஓடும் கடிகாரம் மாட்டினாள். தனிமைக்காகக் கீழ்த்தளம் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகளில் பயணிகளைத் தூங்க வைத்தாள். மனித குலத்துக்காக மேல்தளத்தில் சில குடும்பங்களை விழித்திருக்க வைத்து, பிள்ளை குட்டி பெற வைத்து, கலத்தை ஓட்ட வைத்தாள். எல்லாம் இருந்தது, உயிர்தான் இல்லை. ஊரெல்லாம் கேட்கும் என்று நினைத்த தொடரை விரல் விட்டு எண்ணுகிற பேர்தான் கேட்டார்கள். அதில் ஒரு அம்மா அனுப்பிய குரல்செய்தி மறக்க முடியாதது. ரொம்ப நன்றி, என் குழந்தையைத் தூங்க வைக்க இதைத்தான் போடுகிறேன், கேப்டன் வாயைத் திறந்ததுமே தூங்கிவிடுகிறான் என்று மனசார வாழ்த்தியிருந்தாள். ஒலிப்பதிவுப் பையன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். கதைக்காரிக்கு அழுகைதான் வந்தது.

கதை எழுத வருவதற்கு முன்னால் அவள் காப்பீட்டு ஆபீசில் இருந்தவள். இறந்தவர்களின் கோப்புகளை முடித்து அனுப்புகிற பிரிவு. வருஷக்கணக்காக அதைச் செய்துவிட்டு, ஒரு நாள் இனி முடியாது என்று எழுந்து வந்துவிட்டாள். வீட்டில் புருஷனும் மாமியாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவன், பேச்சே கொஞ்சம்தான். ஆனால் அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்து, சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தே தூங்க ஆரம்பித்ததும் அவர்களுக்கும் பொறுக்கவில்லை. பழைய ஆபீசர் வேறு, இடம் காலியாக இருக்கிறது, வருகிறாயா என்று சொல்லி அனுப்பியிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் போன் செய்வாராம், அதற்குள் பதில் வேண்டுமாம். அன்றைக்கு அந்தச் சனிக்கிழமைதான்.

அந்த வாரத் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் புருஷன் சட்டை முனையால் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "நாங்க ரெண்டு பேரும் யோசிச்சுப் பார்த்தோம். நீ பேசாம ஆபீசுக்கே திரும்பப் போயிடு."

அவனுக்குப் பக்கத்தில் மாமியார் தலையாட்டினாள். சொன்னது நல்லதுக்குத்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த 'நாங்க' அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரே வீடு, ஒரே பாத்திரத்துச் சோறு, அவளுடைய வேலை. யோசித்ததில் மட்டும் அவளைச் சேர்க்கவில்லை. இந்தப் பகுதி வெளியாகட்டும், பிறகு சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, சாப்பாட்டு மேஜையிலேயே கணினியைத் திறந்து கடைசிக் காட்சியை அடித்து முடித்தாள். போக மனசில்லை. அந்தக் கோப்புகளை மறுபடி தொடுவதை நினைத்தாலே கை ஜில்லென்று ஆனது. எழுதுவதை விட்டால் தான் என்ன ஆவோம் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக மாடியேறினாள். ஒலிப்பதிவுப் பையனை எல்லாரும் காது என்றுதான் கூப்பிடுவார்கள். கீழே தையல் கூடத்தில் எந்த மெஷினுக்கு எண்ணெய் போடவில்லை என்பதை மேலே இருந்தே சொல்லிவிடுவான். 'நாங்கள்' மட்டும் அவன் காதில் விழவில்லை. அவன் வார்த்தையைக் கேட்பதில்லையாம், சத்தத்தைத்தான் கேட்பானாம். உடனே அதை இறக்கு, மாற்று என்று அவள் மூச்சிரைக்கச் சொன்னாள். அவன் பதறவே இல்லை.

"முந்தின வரியிலயே கேப்டன் ஒரு 'நாம்' சொல்லியிருக்காருக்கா. நல்ல 'நாம்'. அதை வெட்டி இங்க ஒட்டிடறேன்."

அதற்குள் கேப்டனே வந்து சேர்ந்தார். நிஜத்தில் அவர் பஸ் நிலையத்தில் அறிவிப்பு வாசிக்கிறவர். காலை முறை முடிந்ததும் நேராக இங்கே வருவார். ஏன் சார் இப்படிப் படித்தீர்கள் என்று கதைக்காரி கேட்ட கேள்வியில் மரியாதை இருந்தது, குரலில் இல்லை. எழுதியிருந்ததைத்தான் படித்தேன் என்றார் அவர். படிக்கும்போது அவருக்கும் உறுத்தியதாம். ஆனால் ஏதோ பெரிய திருப்பம் வைக்கிறாள், நாம் கேட்டுக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாராம். அதனால்தான் அந்த வார்த்தையில் மட்டும் குரலைக் கொஞ்சம் இறக்கி, ஒரு மாதிரி ரகசியமாகச் சொன்னாராம். நல்லா வந்திருக்கில்ல, என்று வேறு கேட்டார்.

அவள் கணினியைத் திறந்து பார்த்தாள். நாங்கள். சாட்சாத் அவளே அடித்தது. மேஜை, புருஷன் துடைத்த கண்ணாடி, மாமியாரின் தலையாட்டல் எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. மனசில் தைத்த வார்த்தை விரல் வழியாக இறங்கியிருக்கிறது. காரணம் புரிந்தும் ஒரு புண்ணியமும் இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நாற்காலியில் சரிந்தாள். திங்கட்கிழமை கோப்பு, செவ்வாய்க்கிழமையும் கோப்பு, அதற்கப்புறம் தானும் ஒரு கோப்பு.

"அக்கா, மாத்தறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் கேளுங்களேன்," என்றான் காது. நேயர்கள் குரல்செய்தி விடுகிற பெட்டியைத் திறந்திருந்தான். வழக்கமாக அது காலியாக இருக்கும். அன்றைக்கு நிரம்பி வழிந்தது.

முதலில் ஒரு டாக்ஸிக்காரர். கேப்டன் நாங்கள் என்று சொன்னாரே, அது யார் யார் என்று கேட்டிருந்தார். வண்டியில் வந்த சவாரிக்கும் அவருக்கும் அதில் சண்டையாகி, இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டதாம். அடுத்து ஒரு நர்ஸ். வார்டில் படுத்திருப்பவர்களை வைத்துக்கொண்டு நாங்களும் இப்படித்தான் பேசுகிறோம், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது என்றாள். பிறகு வந்தது அந்தக் குழந்தைக்காரி. குழந்தை எப்போதும் போலத் தூங்கிவிட்டதாம், அவளுக்குத்தான் தூக்கம் போய்விட்டதாம். எங்களை விட்டுவிட்டுப் போகப் போகிறாரா அந்த மனுஷன், அடுத்த பகுதி எப்போது என்று அதட்டிக் கேட்டாள். கடைசியாக ஒரு செய்தியில் பேரும் இல்லை, ஊரும் இல்லை. ஒரு பெண் குரல் ரெண்டே வார்த்தை கேட்டது.

"அப்ப நாங்க?"

ஃப்ரிட்ஜ் மட்டும் இன்ஜின் மாதிரி உறுமிக்கொண்டிருந்தது.

மாடிப்படியில் முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டது. மனுஷர் முகமெல்லாம் வியர்வையும் பல்லுமாக வந்து நின்றார். அவருடைய போனும் காலையிலிருந்து ஓயவில்லையாம். நேராகக் கதைக்காரியிடம் வந்து, "இந்தத் திருப்பத்தை எத்தனை நாளா மனசுக்குள்ள வச்சிருந்தே?" என்று கேட்டார்.

ரொம்ப நாளா சார் என்று சொல்லு என்று காது பின்னாலிருந்து கண்ணைக் காட்டினான். கேப்டனும் அதேபோல் கண்ணைக் காட்டினார். சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் அடுத்த கேள்வி, மேலே என்ன நடக்கும் என்பதாக இருக்கும். அவளிடம் ஒன்றுமே கிடையாது. பொய்யைக் காப்பாற்ற அவள் மூளையில் அன்றைக்குத் தெம்பும் இல்லை.

"தப்பா அடிச்சுட்டேன் சார். 'நாம்'னு வரணும்."

முதலாளியின் சிரிப்பு மெல்ல இறங்கியது. உட்கார்ந்தார். கண்ணாடித் தடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை பெரிய வார்த்தைகள் நாலு எழுதி வைத்தேன், ஒரு நாயும் ஏனென்று கேட்கவில்லை, ஒரு எழுத்துப்பிழைக்கு ஊரே எழுந்து உட்கார்ந்திருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தார். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பயிற்சி வகுப்பில் அவர் கற்றுக்கொள்ளாத ஒரு நல்ல கேள்வியைக் கேட்டார்.

"தப்பு நடந்தது நடந்துபோச்சு. அதைப் பண்ணினது நீ இல்ல, கதையில வர்ற கேப்டன்னு வச்சுக்குவோம். அந்த ஆள் வேணும்னே சொன்னாரா, வாய் தவறிச் சொன்னாரா?"

வேணும்னே என்றார் கேப்டன். வில்லன் வேஷம் என்றால் அவருக்கு வெகு நாள் ஆசை. கதைக்காரி இல்லை என்று தலையாட்டினாள். எங்கேயோ ஒரு திரை விலகின மாதிரி இருந்தது. வேணுமென்றே சொன்னால் அவன் வெறும் கெட்டவன், பிடித்துக் கட்டிப்போட்டுவிடலாம். வாய் தவறி வந்திருந்தால் விஷயம் வேறு. அப்படியென்றால் மேல்தளத்தில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். சாப்பிடும்போது, பிள்ளைக்குத் தலை சீவும்போது, நாங்கள் இறங்குவோம், நாங்கள் வீடு கட்டுவோம் என்று பேசிப் பேசிப் பழகிவிட்டார்கள். கீழே தூங்குகிறவர்கள்மேல் அவர்களுக்கு ஒரு கோபமும் இல்லை. நல்லவர்கள்தான். யோசிக்கும்போது மட்டும் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் உலகம் தானாக வந்தது. கலம் புறப்பட்ட அன்றைக்கு அதன் முதல் கேப்டன் ஒரே ஒரு சட்டம்தான் போட்டார் என்று அவள் சொன்னாள். கீழே தூங்குகிறவர்களுக்குத் தினமும் ஓர் அறிவிப்பு வாசிக்க வேண்டும், அதில் 'நாம்' என்றுதான் சொல்ல வேண்டும். நாம் நலமாக இருக்கிறோம், நாம் போய்க்கொண்டிருக்கிறோம். அவர்கள் காதில் விழுகிறதோ இல்லையோ, சொல்கிறவர்கள் காதில் விழ வேண்டும். அதற்காகத்தான் அந்தச் சட்டம். தலைமுறை தலைமுறையாக யாருக்கும் நாக்கு பிசகவில்லை. மண் கண்ணுக்குத் தெரிந்த அன்றைக்குப் பிசகியது. அப்படியானால் கீழே யாராவது அதைக் கேட்டிருக்க வேண்டுமே என்றான் காது. ஆமாம், ஒருத்தி அதைக் கேட்டுக் கண்ணைத் திறந்தாள் என்றாள் கதைக்காரி. அவள் பேசுகிற முதல் வசனம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. அதைத்தான் காலையிலேயே குரல்செய்தியில் கேட்டாகிவிட்டதே.

மிதக்கும் கூடத்தையும் பின்பக்கம் ஓடும் கடிகாரத்தையும் அன்றைக்கே கழற்றிக் கடாசினார்கள். முதலாளி ஈரத்துணியை எடுத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைக்கப் போனார். மார்க்கர் அழியாத ரகம் போலிருக்கிறது, மற்ற மூன்றும் எப்படியோ போயின, 'மனித குலம்' மட்டும் அசையமாட்டேன் என்றது. இருக்கட்டும் விடுங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். துணியைப் பிழிந்துகொண்டே அவர், கடையெல்லாம் மூடவில்லை, நீ பாட்டுக்கு எழுது, இந்தக் கப்பல் இறங்குகிற வரைக்கும் எழுது என்றார். கதைக்காரிக்கு அப்போதுதான் மூச்சு முழுசாக உள்ளே போனது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் புருஷன் முன்கூட்டியே வந்திருந்தான். கடையில் கண்ணாடி மாற்ற வந்த ஆள், எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால் கேப்டனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாராம். அது என் பெண்டாட்டி எழுதுகிறது என்று சொன்னேன், நம்பமாட்டேன் என்றுவிட்டார் என்றான். அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. மாமியார் அதுவரை ஒரு பகுதியைக்கூட முழுசாகக் கேட்டவள் இல்லை. அன்றைக்கு மத்தியானம் முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"கீழ இருக்கறவங்களை அவன் விட்டுட்டா போயிடுவான்?" என்று கேட்டாள்.

கதைக்காரி சமையலறைத் தொட்டியில் கிடந்த பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டே முதல் கேப்டனின் சட்டத்தைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் ஒரு உண்மையைச் சொல்லிப் பிழைத்த நாள் அது, இன்னொன்றையும் சொல்லிவிடத் துணிச்சல் வந்தது.

"அந்த வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா அத்தை? அன்னிக்கு 'நாங்க யோசிச்சோம்'னு சொன்னீங்கல்ல. எனக்கு ரொம்ப வலிச்சுது. அந்த வலியோட உக்காந்து அடிச்சேன், அப்படியே விழுந்துடுச்சு."

புருஷனுக்கு முகம் சிறுத்துவிட்டது. "அது ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னது," என்றான்.

"சும்மா இருடா," என்றாள் மாமியார். "அந்தக் கேப்டனும் பேச்சுக்குத்தான் சொன்னான்."

அப்புறம் அவள் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, தேய்த்த தட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்து அடுக்கினாள். கடைசியில், சரி, நாம இப்ப என்ன பண்ணலாம், நீயே சொல்லு என்றாள். எனக்கு எழுதணும் அத்தை என்றாள் கதைக்காரி. புருஷன் பின்னாலிருந்து, எழுதட்டும்மா என்றான். அவ்வளவுதான் பேச்சு. இதைப் பேசுவதற்கு இத்தனை நாள் ஏன் ஆயிற்று என்று மூன்று பேருக்குமே புரியவில்லை.

மேஜைமேல் இருந்த போன் அடித்தது. ஆபீசர். கதைக்காரியின் ரெண்டு கையும் சோப்பு நுரை. புருஷன் எடுக்கப் போனான். அதற்குள் மாமியார் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுத்துவிட்டாள். அந்தப் பக்கம் ஆபீசர் மரியாதையாக ஏதோ கேட்டார். மாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, பஸ் நிலைய அறிவிப்பு மாதிரி நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னாள்.

"நாங்க யோசிச்சுட்டோங்க. நாங்க மூணு பேரும் உக்காந்து பேசிட்டோம். நாங்க வரலீங்க."

ஆபீசர் குழம்பியிருக்க வேண்டும். அவர் கூப்பிட்டது ஒருத்தியைத்தானே. மாமியார் கொஞ்சமும் அசரவில்லை. தப்பா நினைச்சுக்காதீங்க, எங்களுக்குக் கப்பல்ல நிறைய வேலை கிடக்கு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். கதைக்காரி நுரைக் கையோடு நின்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அவளைத் தைத்த அதே வார்த்தைதான். இந்தத் தடவை அவள் அதற்குள்ளே இருந்தாள்.